வாசகர் கேள்வி-பதில்: மேளத்தில் தப்பில்லை, வண்டிதான் தப்பு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆராதனையைப் பற்றித்தான். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் எங்கோ சண்டை மூண்டிருக்கிறது போல. சரி, மற்ற கேள்விகள் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும், இந்த முறை இதை மட்டும் பேசுவோம்.

எங்கள் கோயிலில் ஆறு மாதமாக வாலிபர்கள் டிரம்ஸ், கிட்டார் வைத்துப் பாடுகிறார்கள். பெரியவர்கள், "இது கோயிலா, கச்சேரி மேடையா?" என்று கேட்கிறார்கள். பையன்கள் 150ஆம் சங்கீதத்தைக் காட்டுகிறார்கள். வேதத்தின்படி யார் சொல்வது சரி?
— சேகரக் கமிட்டி உறுப்பினர் ஒருவர், திருநெல்வேலி மாவட்டம்

150ஆம் சங்கீதத்தைக் காட்டினால் பையன்கள் ஜெயித்துவிடுவார்கள். எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், கடைசியில் "பேரோசையுள்ள கைத்தாளங்கள்" வேறு. சத்தம் கூடாது என்று சொல்ல அங்கே இடமே இல்லை. ஆனால் அந்தப் பையன்களோடு உட்கார்ந்து இன்னொரு இடத்தையும் வாசித்துப் பாருங்கள்: 2 சாமுவேல் 6, அதோடு சேர்த்து 1 நாளாகமம் 15.

தாவீது ராஜா, பத்துக் கற்பனைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர இரண்டு முறை ஊர்வலம் நடத்தினார். முதல் ஊர்வலம் பிரமாதம், முப்பதாயிரம் பேர், சுரமண்டலம், தம்புரு, மேளம், வீணை, கைத்தாளம் என்று எல்லாம் முழங்குகிறது, ராஜாவே ஆடிப்பாடிக்கொண்டு வருகிறார். பெட்டி வருவதோ ஒரு புது வண்டியில். அந்த வண்டி யோசனை எங்கிருந்து வந்தது? முன்பு யுத்தத்தில் பெட்டியைப் பிடித்துப்போன பெலிஸ்தர் அதைத் திருப்பி அனுப்பியபோது புது வண்டியில்தான் ஏற்றி அனுப்பினார்கள். அவர்களுக்கு அது போதும், நியாயப்பிரமாணம் அவர்களிடம் இல்லை. இஸ்ரவேலரிடமோ இருந்தது, கோகாத் வம்சத்து லேவியர் தோளில் சுமக்க வேண்டும் என்று எண்ணாகமத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை. மாடு மிரண்டது, வண்டியை நடத்தி வந்த ஊசா பெட்டியைப் பிடிக்கக் கை நீட்டினான், அங்கேயே செத்தான்.

பெட்டி மூன்று மாதம் ஓபேத்ஏதோம் வீட்டில் இருந்தது. அப்புறம் இரண்டாம் ஊர்வலம். இதில் எக்காளம், பூரிகை, கைத்தாளம், தம்புரு, சுரமண்டலம் எல்லாம் மறுபடியும் இருக்கிறது, தாவீது மறுபடியும் ஆடுகிறார், அவர் மனைவி மீகாள் ஜன்னலிலிருந்து பார்த்து முகம் சுளிக்கிற அளவுக்கு ஆடுகிறார். (பெரியவர்கள் கவனிக்க: அந்தக் கதையில் முகம் சுளித்தவருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை.) மாறியது ஒன்றே ஒன்று. பெட்டி இப்போது லேவியரின் தோளில் இருக்கிறது. முதல் தடவை நாம் கர்த்தரை "நியாயமானபடியே தேடாதேபோனபடியினால்" அடி விழுந்தது என்று தாவீது அவர்களிடமே ஒப்புக்கொள்கிறார். அந்த மூன்று மாத இடைவெளியில் அவர் மேளத்தைத் தூக்கி எறியவில்லை, புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்.

அதனால் டிரம்ஸ் வேதத்துக்கு விரோதம் என்று நான் எழுதமாட்டேன். டிரம்ஸ் இருப்பதாலேயே ஆவியானவர் இறங்கிவிட்டார் என்றும் எழுதமாட்டேன். உங்கள் கமிட்டியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கையில் ஒரு வாட்ச் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுவதும் குறித்துப் பாருங்கள், பாட்டுக்கு எத்தனை நிமிடம், அறிவிப்புக்கு எத்தனை, காணிக்கைக்கு எத்தனை, வேதவாசிப்புக்கு எத்தனை. வெளியூர் போன இடத்தில் ஒரு சபையில் நான் இப்படிக் குறித்தேன். பாட்டு ஐம்பது நிமிடம். அறிவிப்பு பன்னிரண்டு. வேதவாசிப்பு ஒன்றேகால் நிமிடம், அதுவும் பிரசங்கத்துக்கான ஒரே வசனத்தை இரண்டு தடவை வாசித்ததால். ஊர் பெயர் வேண்டாம். ஆனால் உங்கள் டிரம்ஸ் சண்டையை விட எனக்குக் கவலை தந்தது அந்த ஒன்றேகால் நிமிடம்தான். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, "நான் வருமளவும் வாசிக்கிறதிலும் புத்திசொல்லுகிறதிலும் உபதேசிக்கிறதிலும் ஜாக்கிரதையாயிரு" என்கிறார். வாசிப்பது முதலில் வருகிறது. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம் வரை வாசித்தார், ஜனங்கள் நின்றபடி கேட்டார்கள், கேட்டு அழுதார்கள். பின்னணியில் யாரும் கீபோர்டு வாசிக்கவில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பழசு என்று கட்டிக்காக்கிற கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசுதான். தரங்கம்பாடிக்கு ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் ஐயர் 1706இல் வந்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவரும் பின்னால் வந்தவர்களும் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் ஜெர்மன் மெட்டுகளை. மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் பாட்டுக் கட்டினார். ராகமும் தாளமும் தஞ்சாவூர்ச் சரக்கு, உள்ளே இருந்ததோ வேதம். அதனால்தான் இன்றைக்கும் நிற்கிறது.

ஒரே வரியை இருபது தடவை பாடுகிறார்கள். இது "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று இயேசு சொன்னதற்கு விரோதமில்லையா?
— ஒரு வாசகர், மதுரை

136ஆம் சங்கீதத்தை எண்ணிப் பாருங்கள், "அவர் கிருபை என்றுமுள்ளது" இருபத்தாறு தடவை வருகிறது. ஆக, திரும்பத் திரும்பப் பாடுவதே தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இருபத்தாறு தடவையிலும் முதல் பாதி ஒவ்வொன்றும் வேறு. வானங்களைப் படைத்தார், கிருபை. செங்கடலைப் பிளந்தார், கிருபை. பார்வோனைக் கவிழ்த்தார், கிருபை. காரணம் அடுக்கிக்கொண்டே போகிறது, அதனால் பல்லவியின் கனம் கூடிக்கொண்டே போகிறது. நம் பாட்டில் காரணத்தை எடுத்துவிட்டுப் பல்லவியை மட்டும் வைத்துக்கொண்டால், ஏழாவது தடவையிலேயே மனம் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடும். என்னுடையது போய்விடுகிறது.

கன்வென்ஷன் மேடையில் புகை மெஷின் வைக்கலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தபோது மேகம் தானாக வந்தது, ஆசாரியர் நின்று ஊழியம் செய்ய முடியாமல் போயிற்று. நாம் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்கிறோம். அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தால் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள்.

என் வீட்டுக்காரர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடத்துகிற தம்பி, "முகத்தில் சிரிப்பு இல்லையே, துக்கத்தை வெளியே விட்டுவிட்டு வாருங்கள், கையைத் தட்டுங்கள்" என்கிறார். என்னால் முடியவில்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள். எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா, ஐயா?
— ஒரு சகோதரி, நாகர்கோவில்

இல்லை அம்மா. உங்கள் விசுவாசத்தில் குறை எதுவும் இல்லை. குறை அந்தத் தம்பி நடத்துகிற ஆராதனையில் இருக்கிறது, அதுவும் அவர் கெட்டவர் என்பதால் அல்ல, சங்கீதப் புத்தகத்தில் பாதியை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். வேதத்திலேயே இருட்டான சங்கீதம் அது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும், இதில் அதுவும் இல்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. இப்போது அதன் தலைப்பைப் பாருங்கள். "இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட" என்று இருக்கிறது. அதாவது இது யாரோ ஒருவர் தனியறையில் எழுதி ஒளித்து வைத்தது அல்ல. பாட்டு நடத்துகிறவர் கையில் கொடுத்து, சபையாக நின்று பாடச் சொன்ன பாட்டு. தேவனுடைய வீட்டில் அழுகிறவர்களுக்கென்றே ஒரு பாட்டை அவரே எழுதி வைக்கச் செய்திருக்கிறார். 13ஆம் சங்கீதமும் அப்படித்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று கேட்பதையும் சபையில் பாடினார்கள்.

இறந்துபோன சிநேகிதன் லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிறேன் என்று தெரிந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். பெத்தானியாவில் யாரும் அவரைக் கை தட்டச் சொல்லவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. உட்கார்ந்திருங்கள். பாட முடிந்த வரியைப் பாடுங்கள், முடியாத வரியைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் உங்களுக்காகப் பாடட்டும், சபை என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான். அந்தத் தம்பிக்கு இந்தப் பக்கத்தை யாராவது கத்தரித்துக் கொடுங்கள். அவருக்கு ரோமர் 12:15 போதும்: அழுகிறவர்களுடனே அழுங்கள்.

நான் எங்கள் சபையில் பாட்டு நடத்துகிறேன், வயது 23. புதுப்பாட்டு வாரத்துக்கு ஒன்று யூடியூபில் வருகிறது, எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எதைப் பாடலாம், எதை விடலாம் என்று எப்படிப் பார்ப்பது, அண்ணா?
— ஒரு வாலிபன், ஆவடி

அண்ணா என்று கூப்பிட்டதற்கு முதலில் நன்றி, எனக்கு 67 வயது.

பாட்டை முதலில் பாடாதே தம்பி. ஒரு தாளில் மெட்டில்லாமல் எழுதி, வசனம் வாசிப்பதுபோல வாசித்துப் பார். நல்ல மெட்டு எந்த வரியையும் அழகாக்கிவிடும், அதனால் மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த வரிகளைப் பிரசங்கத்தில் உன் பாஸ்டர் சொன்னால் ஆமென் சொல்வாயா, இல்லை, "இது எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்பாயா? ஜனங்கள் பிரசங்கத்தைச் செவ்வாய்க்கிழமைக்குள் மறந்துவிடுகிறார்கள், பாட்டைச் சாகும்வரை மறப்பதில்லை. எங்கள் அம்மா கடைசி நாட்களில் என் பெயரையே மறந்துவிட்டார், ஆனால் ஞாயிறு பள்ளியில் படித்த பாட்டு முழுவதும் அவருக்கு வந்தது. ஒரு சபையின் உபதேசம் என்ன என்று தெரிய வேண்டுமானால் அதன் பாட்டு நோட்டைத்தான் கேட்டு வாங்குவேன்.

"நான், எனக்கு, என்" என்று வருகிற பாட்டெல்லாம் சுயநலப் பாட்டு என்று சிலர் உனக்குச் சொல்வார்கள். அதை நம்பாதே. 23ஆம் சங்கீதம் முழுக்க "என்"தான். 103ஆம் சங்கீதம் "என் ஆத்துமாவே" என்று தன்னிடமே பேசித்தான் தொடங்குகிறது. ஆனால் அது எங்கே போகிறது பார். அவர் மன்னிக்கிறார், குணமாக்குகிறார், மோசேக்குத் தம்முடைய வழிகளைத் தெரியப்பண்ணினார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார், கடைசியில் தூதர்களையும் சேனைகளையும் கூப்பிட்டுத் துதிக்கச் சொல்கிறது. என்னிடம் தொடங்கி அவரிடம் போகிறது. இன்றைக்கு வருகிற சில பாட்டுகள் அவரிடம் தொடங்கி என் வீடு, என் கார், என் எதிரி என்று என்னிடம் வந்து முடிகின்றன. அதைக் கவனி.

வசனத்தை வைத்து எழுதிய பாட்டு என்றால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசி. துதித்தால் எதிரி ஓடுவான் என்று பாடுகிறவர்கள் 2 நாளாகமம் 20ஐக் காட்டுவார்கள். யூதாவின் ராஜா யோசபாத் பாடகரை சேனைக்கு முன்னால் அனுப்பினார், எதிரிகள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள், உண்மைதான். ஆனால் அது 21ஆம் வசனத்திலிருந்து. அதற்கு முன்னால் இருபது வசனம் இருக்கிறதே! ராஜா பயப்படுகிறார், நாடு முழுவதும் உபவாசம், "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறார், அதற்குப் பிறகு ஆசாப்பின் வம்சத்தில் வந்த யகாசியேல் என்ற லேவியன் மூலம் கர்த்தருடைய வார்த்தை வருகிறது. பாட்டு மறுநாள் காலையில்தான். கேட்ட வார்த்தைக்குப் பதிலாக வந்த பாட்டு அது, எதிரியை விரட்டுகிற சூத்திரம் அல்ல.

இன்னொன்று, இது என்னுடைய சொந்தக் கணக்கு, வேதத்தில் இல்லை. புதுப்பாட்டு ஒன்றைக் கேட்டால், இதை ஒரு அடக்க ஆராதனையில் பாட முடியுமா என்று யோசித்துப் பார்ப்பேன். எல்லாப் பாட்டும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் உன் நோட்டில் இருக்கிற நாற்பது பாட்டில் ஒன்றுகூட அங்கே பாட முடியாது என்றால், மேலே நாகர்கோவில் அம்மா எழுதியதை இன்னொரு தடவை வாசி.

சி.எஸ்.ஐ. ஆராதனை முறைமையில் எல்லாம் மனுஷர் எழுதியதை வாசிக்கிறார்கள், ஆவி இல்லை என்று விட்டுவிட்டு வந்தேன். இப்போது என் மனைவி திரும்பிப் போகலாம் என்கிறாள். உங்கள் கருத்து?
— ஒரு வாசகர், தாம்பரம்

எந்தச் சபைக்குப் போவது என்பது உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் "மனுஷர் எழுதியது" என்றீர்களே, அதை மட்டும் பார்ப்போம். "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" ஏசாயா 6. நமக்குப் பாவமில்லையென்போமானால் என்று வருவது 1 யோவான் 1. மரியாளின் பாட்டும் சிமியோனின் பாட்டும் லூக்கா. கடைசியில் ஐயர் கூறும் ஆசீர்வாதம் 2 கொரிந்தியர் 13. நடுவில் பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று மூன்று பாடம், ஒரு சங்கீதம். கத்தோலிக்கர்களும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு ஞாயிறு வாசகங்களை மூன்று வருடச் சுற்றாக அமைத்துக்கொண்டார்கள். இந்த ஏற்பாட்டின் நல்லது என்ன தெரியுமா, ஐயருக்குப் பிடிக்காத அதிகாரமும் வந்தே தீரும். பட்டியல் இல்லாத சபையில் பிரசங்கியாருக்குப் பிடித்த பதினைந்து அதிகாரங்கள்தான் வருடம் முழுவதும் சுற்றிச் சுற்றி வரும்.

முறைமையில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. அதை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கிறோம், பாவ அறிக்கை சொல்லிக்கொண்டே காணிக்கைக்குச் சில்லறை தேடுகிறோம். உதட்டில் மட்டும் இருக்கிறது என்று ஏசாயா சொன்னது நம்மைத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னாலும் உதட்டோடு நின்றுவிட முடியும், இரண்டையும் நான் செய்திருக்கிறேன். உங்கள் மனைவியிடம் கேளுங்கள், அவருக்கு அங்கே என்ன கிடைத்தது என்று. நீங்கள் அதைக் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

புது வருஷ ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வேதத்தின்படி சரியா? எனக்கு மூன்று வருஷமாக எரேமியா 29:11தான் வருகிறது, ஒன்றும் நடக்கவில்லை.
— ஒரு வாசகி, திருச்சி

மூன்று வருஷமும் அதே அட்டை என்றால் உங்கள் சபையில் அட்டை கம்மியாக அச்சடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

விளையாட்டு இருக்கட்டும். அட்டையை நான் குறை சொல்லமாட்டேன், ஒரு வசனம் வருடம் முழுவதும் பீரோக் கதவில் ஒட்டியிருப்பது நல்லதுதான். ஆனால் அந்த அட்டையில் 11ஆம் வசனம் மட்டும் இருக்கிறது, 10ஆம் வசனம் இல்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. எழுபது வருஷம் ஆகும் என்று 10ஆம் வசனம் சொல்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் செய்யுங்கள் என்று அதற்கு முன்னால் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் வயதானவர்கள் திரும்பிப் போவதைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். அவர்களிடம்தான், உங்கள்பேரில் நான் வைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்று கர்த்தர் சொல்கிறார்.

முந்தின அதிகாரத்தில் இன்னொருவர் வருகிறார், அனனியா. எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து முறித்து, இரண்டே வருஷம், எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தர் பெயரால் சொன்னார். ஜனங்களுக்குக் கேட்க இனிமையாக இருந்திருக்கும், டிசம்பர் 31 ராத்திரி நாம் கேட்க விரும்புவதும் அதுதான். அந்த வருஷமே அனனியா செத்துப்போனார். நின்றது எழுபது வருஷக் கடிதம்.

உங்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த வருஷம் அட்டைக்குப் பின்பக்கம் 4 முதல் 14 வரை பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே வசனம் வேறு மாதிரி வாசிக்கும்.

கோயிலில் மொபைலில் வேதம் வாசிப்பது சரியா?
— ஒரு வாசகர், சாயர்புரம்

பவுல் சொன்னது சரிதானா என்று பெரோயா பட்டணத்தார் தோல்சுருளில் ஆராய்ந்து பார்த்தார்கள், உங்களுக்கு மொபைல். ஆராய்ந்து பார்த்தால் சரி. வாட்ஸ்அப் பச்சைப் புள்ளி வந்தால் அடுத்த வசனம் எது என்று எனக்கே மறந்துவிடுகிறது, அதனால் நான் புத்தகம்தான் கொண்டு போகிறேன்.

பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியதும் தூக்கம் வருகிறது. என்ன செய்ய?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

துரோவாவில் பவுல் பிரசங்கித்தபோதே ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். பிரசங்கி பவுல், அறையில் அநேக விளக்குகள், அப்படியும் தூக்கம். அதனால் உங்கள் பாஸ்டரை நான் குறை சொல்லவில்லை. பவுல் இறங்கிப்போய் அவனை உயிரோடு எழுப்பினார், மேலே ஏறிவந்து அப்பம் பிட்டார், அப்புறம் விடியும்வரை பேசினார். ஜன்னலோரம் உட்காராதீர்கள்.